பாறையில் பட்ட சன்னம்

அந்தப் பன்றியின் பின்னங்காலில் ஒரு கேபிள் கம்பி இறுகிக் கிடந்தது. யாரோ வைத்த சுருக்குத் தடத்தை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கம்பி சதைக்குள் புதைந்து, காலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. இதையெல்லாம் நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலை பத்து மணிக்கு நான் கண்டது, மானாப்புல்லை உடைத்துக்கொண்டு கறுப்பாக ஒன்று தேயிலைக் கொழுந்து நிரைக்குள் பாய்ந்ததையும், ஒரு பெண் கூடையோடு தூக்கி எறியப்பட்டதையும் மட்டுந்தான்.

றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறும் வளைவுகளுக்கு அப்பால் இருக்கிறது எங்கள் தோட்டம். அங்கே நான் வெளிக்கள உத்தியோகத்தன். அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, படித்து, அதே மலையில் "ஐயா" ஆனவன். விழுந்த பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். தராசில் கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோவுக்குக்கூட விடாமல் வாதாடுவாள். "முள்ளு ஆடுது ஐயா, நிக்கட்டும்" என்று என் கையைத் தட்டிவிடுவாள்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அவளுடைய வலது தொடையின் உட்பக்கம் முழங்கால்வரை பிளந்திருந்தது. ரத்தம் வடியவில்லை, பீய்ச்சியது. என் தங்கச்சியும் அதே நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தன் இடுப்புப் படங்குத் துணியை அவிழ்த்துத் தந்தாள். நான் தொடையைச் சுற்றி இறுக்கினேன். படங்கு நனைந்தது, என் விரல் இடுக்கெல்லாம் நனைந்தது, ரத்தம் நிற்கவில்லை.

"தண்ணி தாங்க ஐயா," என்றாள்.

கொழுந்து ஏற்றும் டிரக்டர் வர இருபது நிமிடமாயிற்று. அவளை அதன் பின்பெட்டியில் ஏற்றினோம். பாலத்தைத் தாண்டும் முன்பே அவள் கண் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் அந்தத் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். றக்வானை ஆஸ்பத்திரி வாசலில் தாதி ஒருவர் வந்து என் கையைப் பிரித்தெடுத்தார். காய்ந்த ரத்தத்தில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

சவ அடக்கம் முடிந்த மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு எல்லோரும் வந்தார்கள். ஒருவரும் மலைக்குப் போகவில்லை. செத்தவளின் புருஷன் முன்னால் வந்து நின்றார். மருந்தடிக்கும் கேங்கில் வேலை செய்பவர். அதிகம் பேசாத மனிதர்.

"பங்களாவுல துவக்கு இருக்குல்ல? எடுங்க," என்றார். "இல்லாட்டி நாங்க எங்களுக்குத் தெரிஞ்சதச் செய்வோம்."

அவர்களுக்குத் தெரிந்தது என்னவென்று எனக்கும் தெரியும். தீனிக்குள் வெடி வைத்துப் போடுவார்கள். பன்றி கடித்தால் தாடை சிதறும். போன வருடம் பன்றி கடிக்கவில்லை. லயத்து நாய் கடித்தது. கீழ்த்தாடை இல்லாமல், தொங்கும் நாக்கோடு மூன்று நாள் அது லயத்துச் சாக்கடைக் கானுக்குள் சுற்றியது. யாருக்கும் அடித்துக் கொல்ல மனம் வரவில்லை. கடைசியில் நான்தான் கடப்பாரையால் அடித்தேன்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். பங்களாவில் இரும்பு அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். இரட்டைக் குழல், பன்னிரண்டு போர். பயிர்ச் சேதத்துக்கென்று தோட்டத்துக்கு எடுத்த லைசன்ஸ், அதில் என் பெயரும் உண்டு. நான் அதுவரை அதை ஏழெட்டுத் தடவைதான் சுட்டிருந்தேன். குரங்கை விரட்ட வானத்தைப் பார்த்து, கன்றுத் தவறணைக்குள் வந்த முள்ளம்பன்றியை ஒருமுறை.

"என்ன தோட்டா போடுறது?" என்று கேட்டார் துரை.

"எஸ்.ஜி. இருக்குதுங்களா சேர்?"

"இருக்கு. பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா. ஹரி, சரி."

எஸ்.ஜி. தோட்டாவுக்குள் பெரிய ஈயக் குண்டுகள், சன்னங்கள், ஒன்பது இருக்கும். ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தைரியம் வரும். அதைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். தைரியத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது சொல்ல முடிகிறது. அந்த ஒன்பதில் பன்றிமேல் படாதவை எங்கே போகும் என்று துரை கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் வேட்டைக்கு ஏற்பாடானது. பன்றிகள் படுக்கும் இடம் ஒரு கான்யான். இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் காடு மண்டிய ஓடைப் பள்ளம். ஆட்கள் மேலேயிருந்து தகரம் அடித்துக்கொண்டு இறங்குவார்கள். நான் கீழ்வாயில் நிற்பேன். பாதியில் ஒரு பலாமரம் இருந்தது. அதைத் தாண்டி ஒருவரும் இறங்கக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். எனக்கு எதிரே, பள்ளத்தின் மறுகரையில், பெரிய கரும்பாறை ஒன்று சாய்ந்து படுத்து வலப்பக்கமாக வளைந்து போகும். மழைக்குப் பிறகு யானை முதுகு மாதிரி மினுங்கும். அன்று காலையிலும் மழை பெய்திருந்தது.

தகரச் சத்தம் தொடங்கிக் கால் மணியில் நாய்கள் கத்த ஆரம்பித்தன. பிறகு ஒரு நாயின் குரல் மட்டும் உடைந்து கீச்சென்று போனது. என் தங்கச்சி புருஷனுடைய நாய் அது. பன்றி அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது. மச்சான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், தோட்டத்தில் அவன் கத்திக்கு நிகர் இல்லை என்று பெயர். நாயைத் தூக்கப் பலாமரத்தைத் தாண்டி இறங்கினான். எனக்கு அது தெரியாது. பாறை வளைவுக்கு அந்தப்பக்கம் இருந்தவனை என் இடத்திலிருந்து பார்க்கவும் முடியாது.

பன்றி வெளியே வந்தது. பின்னங்காலில் கம்பி தொங்கியது. முப்பது எட்டு வைக்கும் தூரம் இருக்கும். முதல் குழலைச் சுட்டேன். இடுப்பில் பட்டு அதன் பின்பாதி சரிந்தது. கத்தியது. மனிதர் கத்துகிற மாதிரியே கத்தியது. முன்காலால் இழுத்துக்கொண்டு பாறையோரமாகப் போனது. நான் இரண்டாம் குழலையும் சுட்டேன். அது படவில்லை.

துவக்குச் சத்தத்தின் முதுகிலேயே இன்னொரு சத்தம் கேட்டது. இறுக்கிக் கட்டிய கம்பி அறுந்து காற்றில் போவதுபோல, மெல்லிசாக, நீளமாக. அடுத்து, "அம்மா" என்று ஒரு குரல்.

நான் சுட்ட பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. அது நிச்சயம். அதனால் அந்தக் குரலுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒரு கணம் நம்பினேன். அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வளைவைத் தாண்டி ஓடினேன். மச்சான் முழங்காலில் நின்றிருந்தான். மடியில் நாயின் குடல். இடது கையால் முகத்தைப் பொத்தியிருந்தான், விரல்களுக்கிடையே ரத்தத்தோடு வேறு ஏதோ நீராக வழிந்தது. தோளில் இன்னொரு துளை.

"யாரு மச்சான் சுட்டது?" என்று கேட்டான். "எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சு?"

அவன் முகத்தை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கீழே ஆட்கள் பன்றியை வளைத்துக்கொண்டார்கள். கத்தியும் மண்வெட்டியும் விழும் சத்தம் கேட்டது. செத்த பிறகும் வெட்டினார்கள். செத்தவளின் புருஷன் ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் பெயரைச் சொன்னார். நான் அங்கே திரும்பிப் பார்க்கவில்லை.

இரத்தினபுரிப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். டாக்டர் அம்மா என்னை அழைத்து, காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமிருக்கவில்லை என்று தணிவாகச் சொன்னார். எடுத்த ஈயத் துண்டைப் பொலிஸார் கொண்டுபோனார்கள். அது உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் தேய்ந்து, சப்பிய பாக்குத் துண்டு மாதிரி இருந்தது.

"வெடி திப்பே கவுத?" என்று கேட்டார் பொலிஸ் சார்ஜன். சுட்டது யார் என்று.

"மம," என்றேன். நான்தான்.

வார்டுக்கு வெளியே தங்கச்சி நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் நேராக வந்து நெஞ்சில் குத்தினாள். இரண்டு கையாலும் மாறி மாறிக் குத்தினாள்.

"பன்னியச் சுடப் போனியா, எம் புருஷனச் சுடப் போனியா? சொல்லுண்ணே! இனி அவரு எப்படிக் கத்தி புடிப்பாரு?"

ஒரு காவலாளி வந்து அவளை விலக்கப் பார்த்தார். விடுங்கள் என்றேன். அவள் கை ஓயும்வரை நின்றேன்.

தவறுதலாக நடந்தது என்று மச்சான் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தான். விசாரணை முடியும்வரை துவக்கு பொலிஸில் இருந்தது. அந்த மாதங்களில் நான் மச்சானின் லயத்து வாசல்வரை போய்த் திரும்பி வந்த நாட்கள் பல. உள்ளே போக முடியவில்லை. கதவு திறந்துதான் இருக்கும்.

பன்றிகள் ஒருவருக்காகவும் காத்திருக்கவில்லை. புதுக்கன்று நட்ட மலையை மூக்கால் உழுதுபோட்டன. மரவள்ளி, வத்தாளைக் கிழங்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆட்கள் மறுபடியும் தடம் வைத்தார்கள். ஒருநாள் தடத்தில் ஒரு சிறுத்தை இடுப்போடு மாட்டித் தொங்கியது. வனஜீவி உத்தியோகத்தர்கள் வரும்போது அது தன் வயிற்றையே பிறாண்டிச் செத்திருந்தது.

அதற்கடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் மச்சான் என் குவாட்டர்ஸுக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். தேத்தண்ணி வேண்டாம் என்றான்.

"என்னய அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போ மச்சான்."

"எதுக்குடா?"

"நீ என் பக்கம் சுடலைன்னு எல்லாருஞ் சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். எனக்குப் பாக்கணும்."

போனோம். ஒரு கண்ணுக்கு இன்னும் பழகாததால் படிகளில் அவன் கால் தடுமாறியது. பிடிக்கப் போனால் கையை உதறினான். பாறையில் அரை மணி நேரம் தேடினோம். அவன்தான் கண்டுபிடித்தான். ஓட்டையோ உடைப்போ அல்ல. ஈயம் இழுபட்ட சாம்பல் கோடு, ஒரு சாண் நீளம். பென்சிலால் அழுத்திக் கீறினாற்போல. பக்கத்தில் அதேமாதிரி இன்னும் நான்கு.

சன்னம் பாறையில் பட்டால் பந்து மாதிரி எகிறித் திரும்பி வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாய்வாகப் பட்டால் அப்படி வருவதில்லை. பாறையை உரசிக்கொண்டு, அதன் வளைவோடு வழுக்கிக்கொண்டு, வேகம் அதிகம் குறையாமல் போய்விடுகிறது. மச்சான் விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்து மெல்ல இழுத்தான். கோடு முடிந்த இடத்தில் விரலை எடுக்காமல் அப்படியே நீட்டினான். அவன் நாயோடு முழங்காலிட்டிருந்த இடத்தை விரல் காட்டியது.

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேன். அவன் அழவில்லை.

"அழுவாத," என்றான். "இது எங்க போவும்னு தெரியாமச் சுட்ட. இப்பத் தெரிஞ்சிருச்சு. இனி யாரு சுட்டாலும் தெரிஞ்சு சுடணும்."

துவக்கு திரும்பி வந்தபோது துரை என்னைச் சுடும் பொறுப்பிலிருந்து விட்டுவிடத் தயாராக இருந்தார். வேறு ஆள் பார்ப்போம் என்றார். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு ஆள் அதே எஸ்.ஜி. தோட்டாவைக் கேட்பான் என்பது எனக்குத் தெரியும்.

இரத்தினபுரியில் தோட்டா விற்கும் முஸ்லிம் கடைக்காரர் நானாவிடம் நானும் மச்சானும் போனோம். எழுபதை நெருங்கியவர், வெள்ளைத் தொப்பி. லைசன்ஸைப் பார்த்துவிட்டு மச்சானின் கண்ணாடியைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பன்டிக்குப் பின்னால என்ன ஈக்கி?" என்று கேட்டார், என்ன இருக்கிறது என்று.

"பாறைங்க நானா."

"அதத்தான் மொதல்ல கேக்கணும். மிருகத்தப் பத்தி எல்லாரும் செல்ற. பின்னால என்ன ஈக்கிண்டு ஒருத்தரும் செல்றல்ல."

கண்ணாடிப் பெட்டியின்மேல் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினார். ஒற்றைக் குண்டுள்ளதைத் தனியே தள்ளி வைத்தார். அது மலையைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்கே போகும், கல்லில் பட்டால் எங்கே போகும் என்று படைத்தவனுக்குத்தான் தெரியும் என்றார். எஸ்.ஜி.யும் கல்லுள்ள மலைக்கு ஆகாது. அதைவிடச் சிறியது பி.பி. குண்டு நிறைய, ஒவ்வொன்றும் இலேசு. தெறித்தாலும் சீக்கிரம் பலம் இழந்துவிடும். ஆனால் தூரத்திலிருந்து பன்றியை வீழ்த்தாது, காயப்படுத்தத்தான் செய்யும்.

"கிட்டப் போவணும்," என்றார் நானா. "பத்து எட்டு, பன்னெண்டு எட்டு. மேல நிண்டு கீழ மண்ணுக்குச் சுடணும். தோட்டாவ மட்டும் மாத்திப் பலனில்ல மகன், நிக்கிற எடத்த மாத்துங்க."

குரங்குக்குக் காற்றுத் துவக்கு எடுக்கலாமா என்று கேட்டேன். லயத்துக் கூரைத் தகரத்திலும் சீமெந்துச் சுவரிலும் அந்தச் சின்ன ஈயம்கூடத் தெறித்து வரும், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அதை நினைக்கவே வேண்டாம் என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள மச்சானுக்கு மனம் வரவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். துரை பொலிஸுக்குச் சொல்லி அனுமதி எடுத்தார். பாவனையில் இல்லாத பழைய கல்லுக்குழி ஒன்றில், பகல் வெளிச்சத்தில், ஒரு பாறையைச் சுற்றிப் பழைய கூரைத் தகரங்களை ஆள் உயரத்துக்கு நிறுத்தினோம். மண்மூட்டைகளை அடுக்கி, அதன் பின்னாலிருந்து நான் சுட்டேன்.

முதலில் எஸ்.ஜி. பாறையில் சாய்வாக. போய்ப் பார்த்தால் வலப்பக்கத் தகரம் கத்தரித்த துணிபோலக் கிழிந்திருந்தது. நீள நீளமாக ஏழு கிழிசல். மச்சான் பக்கத்தில் போய் நின்றான். ஒரு கிழிசல் அவன் வயிற்றுக்கு நேராக, ஒன்று தொண்டைக்கு நேராக. விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். தகரத்தின் விளிம்பு வெட்டி ரத்தம் வந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு, "அடுத்ததச் சுடு," என்றான்.

பி.பி. தோட்டாவுக்கு அதே தகரத்தில் பள்ளங்கள்தான் அதிகம் விழுந்தன. சில ஓட்டைகளும் இருந்தன. அந்தச் சிலதையும் மச்சான் விரலால் தொட்டு எண்ணினான். குழியில் தேங்கிய தண்ணீரில் சுட்டோம். தண்ணீரும் சன்னத்தைத் தூக்கி எறிந்தது; மறுபக்கத் தகரம் படபடவென்று அதிர்ந்தது. துரை அதை எதிர்பார்க்கவில்லை.

"வத்துரயிலயுமா?" என்றார், தண்ணீரிலுமா என்று.

கடைசியாக மண்ணைக் கொத்திக் குவித்து, மண்மூட்டை மேட்டில் ஏறி நின்று நேர்கீழாகச் சுட்டேன். தகரம் ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை. மண்ணைத் தோண்டினோம். ஒரு முழ ஆழத்துக்குள் எல்லா ஈயமும் கிடந்தது, சூடாக.

அப்படித்தான் பரண் கட்டினோம். கல் இல்லாத சரிவாகத் தேடி, ஒரு கித்துள் மரத்தையும் இரண்டு கம்பங்களையும் சேர்த்துக் கட்டினோம். தீனி போடும் இடத்தில் மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கினோம். கொழுந்துப் பெண்கள் அரைநாள் குனிந்து கல் பொறுக்கினார்கள். அவர்களில் என் தங்கச்சியும் இருந்தாள். என்னோடு பேசவில்லை. ஆனால் நெல்லிக்காய் அளவு கல்லைக்கூட விடாமல் பொறுக்கி வாளியில் போட்டாள். யாரும் தகரம் அடிக்க வேண்டாம், நாய் வேண்டாம். துவக்கு இருக்கும்போது பரணில் இரண்டு பேர், மற்ற எல்லோரும் லயத்தில்.

முதல்முறை உட்கார்ந்தது ஒரு பின்னேரம் ஐந்து மணிக்கு, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே. மச்சான் என் பக்கத்தில், கவ்வாத்துக் கத்தியோடு. தீனிக்குப் போட்ட பலாப்பழ வாசம் அடித்தது. முதலில் ஒரு தனி ஆண்பன்றி வந்தது. பத்து எட்டுக்குள். காதுக்குப் பின்னால் பார்த்துச் சுட்டேன். இருந்த இடத்திலேயே மடிந்து விழுந்தது. கால்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

நாங்கள் எதிர்பார்க்காதபடி அதன் பின்னால் ஒரு தாய்ப்பன்றி வந்துவிட்டது. சத்தத்தில் மிரண்டு திரும்பியதே தவிர ஓடவில்லை. நான் அவசரப்பட்டேன். இரண்டாவது குழல் தாடையிலும் முகத்திலும் பட்டது. எஸ்.ஜி.யாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சின்னக் குண்டுகள் அதன் முகத்தைச் சல்லடையாக்கின, கொல்லவில்லை. பார்வை போய், வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. வாயிலிருந்து ரத்த நுரை. பரண் கம்பத்தில் முட்டியது. பரண் ஆடியது.

மறுபடி தோட்டா போடப் பார்த்தேன். ஒன்று கீழே விழுந்தது. அதற்குள் பன்றி பரணுக்கு நேர் அடியில் வந்துவிட்டது. குழலை அங்கே திருப்ப வழியில்லை.

"மச்சான், துவக்க ஒடிச்சு வை," என்றான் அவன். நான் குழலை ஒடித்துத் திறந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். பன்றி சத்தத்தைக் கேட்டு அவன் பக்கம் பாய்ந்தது. ஒதுங்கி, அதன் முதுகில் முழங்காலைக் கொடுத்து அமுக்கி, கழுத்தில் கத்தியை ஏற்றினான். ஒரே வெட்டில் முடியவில்லை. ஒரு கண்ணில் தூரம் பிடிபடவில்லை. முதல் வெட்டு தோளில் இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது. அதற்குள் அவன் முழங்கையைப் பல்லால் கிழித்துவிட்டது. நாலாவது வெட்டில் சத்தம் நின்றது.

புல்லுக்குள் குட்டிகள் நின்றன. கோடு போட்ட முதுகு. அவற்றை அவன் பார்த்தான், நானும் பார்த்தேன். அவன் ஓடையில் கத்தியைக் கழுவினான்.

"இதுக்கு அது பரவால்லையா?" என்று கேட்டேன். எஸ்.ஜி.யைத்தான் சொன்னேன்.

அவன் முழங்கையில் சட்டையைச் சுற்றிக்கொண்டே யோசித்தான். "இல்ல," என்றான். "இது பன்னி உசுரு, என் ரத்தம். நான் தெரிஞ்சு எறங்குனேன். அது அப்படியில்ல."

அதற்குப் பிறகு ஒரு பன்றி தனியாக வந்தால்தான் சுடுவேன். இரண்டாவது குழலுக்கும் முதலிலேயே இடம் பார்த்து வைப்பேன். சில நாள் ஒன்றையும் சுடாமல் இறங்குவோம். பன்றிகள் அடியோடு போய்விடவில்லை. புதுக்கன்று மலையை விட்டு விலகின. தங்கச்சி பேச ஆரம்பித்தாள். பேச்சு எப்போதும் ஒரே மாதிரித் தொடங்கும்: "எந்தப் பக்கம் சுடப்போற?" என்று கேட்பாள். நான் கையைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, நான் சுடாத ஒரு காலையைப் பற்றி. பெரட்டு முடிந்து துவக்கைப் பரணுக்குக் கொண்டுபோகும் வழியில், கீழ் லயத்துக்குப் பின்னால் கூச்சல் கேட்டது; தோட்டா போட்டுக்கொண்டு ஓடினேன். பெரிய ஆண்பன்றி ஒன்று வீட்டுத்தோட்டத்துக்குள் இறங்கி மரவள்ளியைக் கிளறிக்கொண்டிருந்தது. அது செத்தவளின் புருஷனுடைய தோட்டம். அவள் நட்ட மரவள்ளி. பன்றிக்குப் பின்னால் லயத்தைத் தாங்கி நிற்கும் கருங்கல் கட்டு. மேலே கதவுகள், வாசலில் பிள்ளைகள்.

"சுடுங்க ஐயா!" என்றார் அவர். "இந்தா நிக்கிது, சுடுங்க!"

"முடியாதுங்க. பின்னால கல்கட்டு."

"இருவது எட்டுல நிக்கிது! இது கூடச் சுட மாட்டீங்களா? எம் பொண்டாட்டிய இந்தச் சாதிதானே கொன்னுச்சு!"

"பிள்ளைங்க நிக்கிறாங்க. முடியாதுங்க."

அவர் துவக்கைப் பிடித்தார். குழலை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். நான் விடவில்லை. இழுபறியில் துவக்கை ஒடித்து, இரண்டு தோட்டாக்களையும் உருவிக் கானுக்குள் எறிந்தேன். அதைக் கண்டதும் அவர் என் வாயில் குத்தினார். மறுபடி குத்தினார். நான் விழுந்த பிறகும் வயிற்றில் உதைத்தார். லயத்து ஆட்கள் ஓடிவந்து இழுத்தபோது, அவர் அவர்கள் கையில் அப்படியே துவண்டு, கேவிக் கேவி அழுதார். பன்றி அதற்குள் மரவள்ளிக் கிழங்கு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டே ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டது.

மச்சான் வந்து துவக்கை எடுத்துக்கொண்டான். என்னைத் தூக்கி நிறுத்தினான். இருவரும் பங்களாவுக்கு ஏறினோம். என் முன்பல் ஒன்று ஆடியது, உதடு பிளந்திருந்தது. பாதி வழியில் அவன் நின்றான்.

"இன்னிக்கு நீ சுட்டிருந்தா நானே ஒன்ன அடிச்சிருப்பேன்," என்றான்.

"அதான் அவரு அடிச்சிட்டாரே."

அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு மறுபடி பிளந்து, ரத்தம் தாடை வழியாகச் சட்டையில் சொட்டியது.